ஆக்ஸ்ஃபோர்டின் பழைய தெருக்களில் வீடு வாங்குவது எப்படி: முதல் நடையிலிருந்து சாவி கைக்கு வரும் வரை

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் இரவு பத்து மணிக்கு அழைத்தார். அவருக்கு மருத்துவமனையில் வேலை, மனைவிக்குப் பல்கலைக்கழக ஆய்வகத்தில். இரண்டு வருடம் தேடி, ஆய்வகத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு அமைந்திருந்தது. விலை பேசியாயிற்று, வங்கிக் கடனும் தயார். அப்போதுதான் அவருடைய சொலிசிட்டரிடமிருந்து, அதாவது வீடு வாங்கும் காகித வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரிடமிருந்து, ஒரு வரி வந்தது: அடுக்களைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடிக்க அனுமதி வாங்கியதாகப் பதிவு எதுவும் இல்லை. "யாரோ பதினைந்து வருடத்துக்கு முன்னால் இடித்தது, அதற்கு நான் என்ன செய்ய?" என்றார் நண்பர்.

அந்த வீடு 'லிஸ்டட் பில்டிங்' என்ற பட்டியலில் உள்ள கட்டடம். இடித்தது யாராக இருந்தாலும், 'திரும்பக் கட்டு' என்று கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) உத்தரவு போட்டால் அது அன்றைய உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். இதற்குக் காலவரம்பே கிடையாது.

பாதுகாக்கப்பட்ட பழைய பகுதியில் வீடு வாங்கும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். செங்கல்லோடும் தோட்டத்தோடும், முன்பு அங்கே குடியிருந்தவர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும் சேர்ந்தே நம் கைக்கு வருகின்றன. அதனால் வீட்டைப் பார்த்து மனம் மயங்குவதற்கு முன் அதன் காகிதங்களைப் பார்த்துவிட வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி. ஸ்காட்லாந்தில் வாங்கும் முறையே வேறு.

முதலில் தெருக்களை நடந்து பாருங்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் 'கன்சர்வேஷன் ஏரியா' என்று அறிவிக்கப்பட்ட பகுதிகள் 18 உள்ளன. 1967இல் வந்த சட்டம்தான் தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் ஒரு தெருவின், ஒரு வட்டாரத்தின் முகத்தையே காக்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் தேடுபவர்கள் பெரும்பாலும் ஜெரிகோ, வால்டன் மேனர், வடக்கு ஆக்ஸ்ஃபோர்டு, ஆஸ்னி ஆகிய நான்கைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

ஜெரிகோ உழைப்பாளிகளின் தெருக்களாகப் பிறந்தது. 1790இல் கால்வாய் வந்தது, 1830இல் பல்கலைக்கழக அச்சகம் வால்டன் தெருவுக்கு இடம் மாறியது. அச்சுக்கோப்பவர்களுக்கும் இரும்பு வார்ப்பாலைக்காரர்களுக்கும் கட்டிய வரிசை வீடுகள் இவை. முன்கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. தாழ்வான நிலம் என்பதால் 19ஆம் நூற்றாண்டில் வடிகால் இல்லாமல் இந்த இடம் காலராவில் தவித்தது. அந்தத் தாழ்வு இன்றும் மாறவில்லை என்பதை ஈரம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஜெரிகோவுக்குப் போனால் வால்டன் தெருவிலிருந்து உள்ளே போகும் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். 1848இல் திறந்த அந்தத் தோட்டத்தில்தான் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி. யு. போப் இருக்கிறார். அவர் இங்கே தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908இல் மறைந்தார். குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்த கல் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வீடு தேடி அலைந்து கால் வலித்த ஒரு பிற்பகலில் அந்தக் கல்லின் முன் நின்றபோது, இந்த ஊர் எனக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்று தோன்றியது.

வடக்கு ஆக்ஸ்ஃபோர்டு வேறு உலகம். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் நிலத்தில் 1860களிலிருந்து எழுந்த கோதிக் பாணி மாளிகைகள், அகலமான சாலைகள், பெரிய மரங்கள். கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கிடைத்த கல்லூரி ஆசிரியர்களுக்காகக் கட்டியவை என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அந்த அனுமதி பரவலானது 1877க்குப் பிறகுதான். முதலில் குடிவந்தவர்களில் நகரத்து வியாபாரிகளே அதிகம். இந்தப் பகுதி 1968இலேயே பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. இன்று அந்த மாளிகைகளில் பல அடுக்கு வீடுகளாகப் பிரிந்துவிட்டன. ஆகவே இங்கே நமக்குக் கைக்கெட்டுவது பெரும்பாலும் ஒரு மாடியோ அரை மாடியோதான், அதுவும் லீஸ்ஹோல்டாக, அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்கான குத்தகையாக. ஜெரிகோவுக்கும் வடக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவில், விலையிலும் குணத்திலும் நடுவில், வால்டன் மேனர். ஆஸ்னி தேம்ஸ் நடுவே 1851இல் மனை பிரித்த சின்னத் தீவு. அழகென்றால் அப்படி ஓர் அழகு, கூடவே வெள்ள பயமும்.

ஒரே தெருவுக்கு மூன்று முறை போங்கள். கல்லூரித் தவணை நடக்கும் வெள்ளிக்கிழமை இரவில் ஒரு முறை, மழை பெய்யும் நாளில் ஒரு முறை, காலை எட்டரைக்கு ஒரு முறை. மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி என்று தவணை மூன்று, ஒவ்வொன்றும் எட்டு வாரம். ஆகஸ்டில் அமைதியாகத் தெரியும் தெரு அக்டோபரில் அப்படி இருக்காது. ஜெரிகோவின் மேற்கு ஓரத்தில் கால்வாயைத் தாண்டி ரயில் பாதை ஓடுகிறது என்பதையும் இரவில் போனால்தான் காது சொல்லும்.

இந்த வீட்டுக்கு எந்தப் பாதுகாப்பு?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கன்சர்வேஷன் ஏரியா, லிஸ்டட் பில்டிங், ஆர்ட்டிகிள் 4 மூன்றும் வேறு வேறு. ஒரு வீட்டுக்கு ஒன்று மட்டும் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தே இருக்கலாம்.

கன்சர்வேஷன் ஏரியா மூன்றிலும் லேசானது. வீட்டின் உள்ளே நீங்கள் செய்வதில் அது தலையிடாது. வெளியே சில வேலைகளுக்கு, மற்ற இடங்களில் தேவைப்படாத திட்ட அனுமதி இங்கே தேவைப்படும்: பக்கவாட்டில் நீட்டிக் கட்டுவது, பின்னால் இரண்டு மாடிக்கு நீட்டுவது, கூரையில் ஜன்னல் வைத்த டார்மர் எழுப்புவது, வெளிச்சுவருக்கு மேல்பூச்சோ உறையோ போடுவது. தெருவைப் பார்த்த சுவரில் டிஷ் ஆன்டெனா மாட்டவும் கேட்க வேண்டும். பின்பக்கம் ஒரு மாடி அளவுக்குச் சின்னதாக நீட்டுவது பொதுவாக அனுமதி இல்லாமலே முடியும். மரம் பற்றித்தான் நம்மவர்கள் கவலையே படுவதில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், வெட்டவோ கழிக்கவோ 6 வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். உங்கள் தோட்டம், நீங்கள் நட்ட மரம் என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஆர்ட்டிகிள் 4 என்பது, சாதாரணமாக உங்களுக்கு இருக்கும் சின்னச் சின்ன உரிமைகளையும் குறிப்பிட்ட தெருக்களில் கவுன்சில் எடுத்துக்கொள்ளும் உத்தரவு. முன்பக்க ஜன்னல், கதவு, கூரை ஓடு, முன்சுவர் போன்றவை அதில் வரலாம். கன்சர்வேஷன் ஏரியாவில் இருக்கும் தனி வீட்டில் மர ஜன்னலை மாற்றப் பொதுவாக அனுமதி வேண்டாம்; அந்தத் தெருவுக்கு ஆர்ட்டிகிள் 4 இருந்தால் வேண்டும். அடுக்கு வீடாக இருந்தால் இந்த உரிமைகள் தொடக்கத்திலிருந்தே இல்லை. ஒரே தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிவிட்டார், நான் ஏன் மாற்றக் கூடாது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கும்.

லிஸ்டட் பில்டிங்தான் கடுமையானது. கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2 என்று மூன்று படி. பட்டியலில் 90 சதவீதத்துக்கு மேல் கிரேடு 2தான், வீடு தேடும் நமக்கும் அதுவே எதிர்ப்படும். 'கிரேடு 2 தானே, முன்பக்கம் மட்டும்தான் பாதுகாப்பு' என்று எஸ்டேட் ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கிரேடானாலும் முழுக் கட்டடமும் பாதுகாப்புக்குள் வரும்: உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்படுப்பு, கூரைச் சுண்ணாம்பு அலங்காரம், கதவு, தரைப் பலகை எல்லாம். 1948 ஜூலை 1க்கு முன்பே வளாகத்துக்குள் இருந்த கொட்டகையும் மதில் சுவரும் பெரும்பாலும் சேர்த்தி. அனுமதி இல்லாமல் மாற்றினால் குற்றவியல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறையும், உச்சவரம்பு இல்லாத அபராதமும் விதிக்கலாம். பழைய உரிமையாளர் செய்ததற்காக உங்களைச் சிறையில் போட மாட்டார்கள். சரிசெய்யும் செலவு மட்டும் உங்களுடையது.

அனுமதி விண்ணப்பத்துக்குக் கவுன்சில் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் வரைபடம் போடும் கட்டடக் கலைஞருக்கும் பாரம்பரிய அறிக்கை எழுதுபவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். முன்பு, அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு வாட் வரி விலக்கு இருந்தது. 2012 அக்டோபரில் அது போய்விட்டது. இப்போது முழுதாக 20 சதவீதம்.

வீட்டைப் பார்க்கும் முன் செய்ய வேண்டிய அரை மணி நேர வேலை

ஊரில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, மூலப் பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை இங்கேயும் விட வேண்டாம். இங்கே அது இன்னும் சுலபம்.

ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். முகவரியைப் போட்டு, லிஸ்டட் என்றால் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பழைய பதிவுகள் இரண்டே வரியில் இருக்கும். ஒரு பொருள் அதில் குறிப்பிடப்படவில்லை என்பதால் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து கவுன்சிலின் திட்ட விண்ணப்பப் பக்கம். அந்த முகவரிக்கு இதுவரை வந்த விண்ணப்பங்கள், கிடைத்தவை, நிராகரிக்கப்பட்டவை எல்லாம் வரைபடத்தோடு இருக்கும். இதை அச்செடுத்து வீட்டைப் பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இல்லாத கழிப்பறை நேரில் இருந்தால், வரைபடத்தில் இருக்கும் சுவர் நேரில் இல்லையென்றால், கேள்வி கேட்கும் இடம் அதுதான். பக்கத்து வீடுகளின் விண்ணப்பங்களையும் பாருங்கள். உங்களுக்கு மாடியில் ஓர் அறை எடுக்க ஆசை என்றால், நான்கு வீடு தள்ளி அதே ஆசைக்குக் கவுன்சில் என்ன பதில் சொன்னது என்பது எந்த ஆலோசகரும் சொல்வதைவிட உண்மையான தகவல்.

நிலப் பதிவேட்டில் அந்த வீட்டின் உரிமைப் பதிவை 7 பவுண்டு கட்டி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் 'கவனன்ட்' என்ற நிபந்தனைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நில உரிமையாளர் அடுத்தடுத்து வாங்குபவர்களையும் கட்டிப்போட்டிருக்கும் வரிகள் அவை: இங்கே வியாபாரம் நடத்தக் கூடாது, இன்ன உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது, இன்னொரு வீடு எழுப்பக் கூடாது. கவுன்சில் அனுமதி கொடுத்தாலும் இந்த நிபந்தனை தனியாக நிற்கும். கல்லூரி நிலமாக இருந்த இடங்களில் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கடைசியாக அரசின் வெள்ள அபாயப் பக்கம். ஆற்று வெள்ளம், மழைநீர் வடியாமல் தேங்கும் வெள்ளம் இரண்டையும் பாருங்கள். 2007லும் 2014லும் ஊரின் மேற்கிலும் தெற்கிலும் தண்ணீர் ஏறியது. வெள்ள அபாயமுள்ள வீட்டுக்குக் காப்பீடு கட்டுப்படியாகக் கிடைக்க 'ஃபிளட் ரீ' என்ற ஏற்பாடு உண்டு. 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கே அது பொருந்தும், 2039 வரைதான் ஓடும். இருபத்தைந்து வருடக் கடன் எடுப்பவர் இந்த 2039ஐ ஒரு முறை யோசிக்க வேண்டும்.

நேரில் பார்க்கும்போது: சுவர் மூச்சு விடுகிறதா?

பழைய செங்கல் வீட்டில் சுவர் ஒற்றைச் சுவர், சுமார் ஒன்பது அங்குலக் கனம். நடுவில் காற்றிடைவெளி கிடையாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நம் செட்டிநாட்டு வீடுகளின் காரைச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுவிடும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, சுவர் அப்படியே நூற்றைம்பது வருடம் நின்றுவிடும். சிக்கல் தொடங்குவது யாரோ ஒருவர் சிமெண்ட் மூட்டையோடு வரும்போது. செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல் வழியாகவே வரும். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து விரிய, செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். அடி அடியாகப் பொரிந்த செங்கல், நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கும் சாம்பல் நிறச் சிமெண்ட் கோடு: இதைப் பார்த்தால் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

சுவரின் அடியில், தரைக்குச் சற்று மேலே, சின்னத் துளைகள் உள்ள காற்றுச் செங்கல் இருக்கும். பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டம் தருவது அதுதான். மண்ணோ நடைபாதையோ உயர்ந்து அது அடைபட்டிருந்தால் தரைக்கட்டைகள் உளுத்துப்போயிருக்க வாய்ப்புண்டு. ஜெரிகோ போன்ற தாழ்வான இடங்களில் இதை முதலில் பாருங்கள். அறைக்குள் வரிசையாகச் சுவரில் ஊசி போட்ட தழும்பு தெரிந்தால் முன்பே யாரோ ஈரத்துக்கு ரசாயனம் ஏற்றியிருக்கிறார்கள். பல வீடுகளில் உண்மையான மருந்து அது இல்லை. உடைந்த மழைநீர்க் குழாயைச் சரிசெய்து, வெளி மண்ணைத் தாழ்த்தி, சிமெண்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசினால் சுவர் தானாகக் காய்ந்துவிடும்.

அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். பழைய கற்பலகை ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் ஓடு போட்டிருந்தால், அந்தக் கூடுதல் எடையில் கூரைச் சட்டம் நடுவில் தொய்ந்திருக்கும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முகட்டுக் கோட்டைப் பார்த்தாலே தெரியும். புகைபோக்கியைத் தவறவே விடாதீர்கள். கீழ்த்தளத்தில் இடம் கிடைக்கட்டும் என்று கணப்படுப்புத் தூணை இடித்துவிட்டு மேலே உள்ள செங்கல் அடுக்கை அப்படியே விட்டிருப்பார்கள். அதைத் தாங்கக் கீழே இரும்பு உத்தரம் இருக்கிறதா, அதற்குக் கட்டட விதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நாங்கள் வீடு பார்த்த காலத்தில் ஒரு வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட். என் மனைவி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் வெளியே வந்துவிட்டாள். பிறகு அந்த வீடு இரண்டு முறை விற்பனைக்கு வந்ததைப் பார்த்தோம்.

பல்கலைக்கழகம் பக்கத்து வீட்டுக்காரர்

இதில் நன்மை நிறைய: நூலகம், பூங்கா, விரிவுரைகள், குழந்தைகள் சைக்கிளில் போகும் தெருக்கள். கூடவே விதிகளும் உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு 'எச்.எம்.ஓ.' எனப்படும். குடும்ப வீட்டை அப்படி மாற்ற ஆக்ஸ்ஃபோர்டில் 2012 பிப்ரவரி முதல் திட்ட அனுமதி வேண்டும். உரிமமும் தனியாக வேண்டும். தெருவில் ஏற்கெனவே அப்படிப்பட்ட வீடுகள் அதிகம் என்றால் அனுமதி கிடைப்பது கடினம். ஆகவே 'பிறகு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கடனை அடைப்போம்' என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். நீங்கள் குடியிருந்துகொண்டு ஓர் அறையையோ இரண்டு அறைகளையோ ஆளுக்கொன்றாக இருவர் வரை விடுவது எச்.எம்.ஓ. ஆகாது. அந்த வாடகையில் வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வருமான வரியும் இல்லை. இளம் தம்பதிகள் பலரும் முதல் சில வருடங்களை இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

நீங்கள் பார்க்கும் வீட்டில் இப்போது மாணவர்கள் இருந்தால், அவர்கள் காலி செய்து வீடு வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒப்பந்தத்தில் இறங்க வேண்டாம்.

வண்டி நிறுத்தும் உரிமத்தையும் கேளுங்கள். மாளிகையைப் பிரித்த அடுக்கு வீடுகளில் சிலவற்றுக்கு 'இங்கே குடியிருப்பவருக்கு உரிமம் கிடையாது' என்ற நிபந்தனை அனுமதியிலேயே இருக்கும். வீட்டு விளம்பரத்தில் அது பெரும்பாலும் வராது.

இன்னொன்று, பாதுகாப்பு எல்லைக்குள்தான் பாதுகாப்பு. போர்ட் மெடோ புல்வெளியிலிருந்து தெரிந்த கோபுரக் காட்சி, 2012, 2013 வாக்கில் எழுந்த பல்கலைக்கழக மாணவர் குடியிருப்புகளுக்குப் பின்னால் போனபோது ஊரே கொதித்தது. கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ஜன்னல் வழியே தெரியும் காலியிடம் யாருடையது, அங்கே என்ன திட்டம் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

பணம்: ஊர் வீடும் கணக்கில் வரும்

இந்தப் பகுதி நம் வாசகர்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் பலர் கடைசி வாரத்தில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

முத்திரை வரி 2025 ஏப்ரல் முதல் இப்படி: முதல் 1,25,000 பவுண்டுக்கு இல்லை, அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். 6 லட்சம் பவுண்டு வீட்டுக்கு 20,000 பவுண்டு வரும். முதல்முறை வாங்குபவருக்கு 3 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் விலை 5 லட்சத்தைத் தாண்டினால் அந்தச் சலுகை முழுதாகப் போய்விடும். ஜெரிகோவில் முழு வீடு 5 லட்சத்துக்குள் அமைவது அரிது.

கவனியுங்கள்: முதல்முறை என்றால் உலகத்தில் எங்குமே வீடு வைத்திருந்ததில்லை என்று பொருள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அப்பா உங்கள் பெயரில் எழுதி வைத்த வீடு இருந்தால் நீங்கள் முதல்முறை ஆள் இல்லை. அது மட்டுமல்ல, வேறு எங்காவது உள்ள வீட்டில் உங்கள் பங்கு 40,000 பவுண்டு மதிப்புக்கு எட்டினால், இங்கே வாங்கும் வீடு 'கூடுதல் வீடு' என்று கணக்காகி முழு விலைக்கும் 5 சதவீதம் கூடும். அதே 6 லட்சம் வீட்டுக்கு 20,000 போய் 50,000 ஆகிவிடும். கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் பொருந்தும். கடந்த 3 வருடத்துக்குள் வாரிசாக வந்த, பாதிக்கு மிகாத பங்குக்கு விலக்கு உண்டு. இங்கே குடியிருந்த சொந்த வீட்டை விற்று மாறுபவருக்கும் உண்டு. வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 183 நாளாவது இந்த நாட்டில் தங்கியிராதவருக்கு மேலும் 2 சதவீதம். சொலிசிட்டரிடம் முதல் சந்திப்பிலேயே ஊர்ச் சொத்துகளை ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் பணம் அனுப்புவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்பக்கூடியது ஆளுக்கு 2,50,000 டாலர். அந்தப் பணம் எப்படி வந்தது என்று சொலிசிட்டர் கேட்பார். வங்கிக் கணக்குப் பதிவுகள், 'இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன்' என்ற கடிதம், நிலம் விற்ற பணமென்றால் விற்பனைப் பத்திரம் எல்லாம் வேண்டும். பத்திரம் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கும். இது உங்கள் மேல் சந்தேகம் இல்லை, எல்லோரிடமும் கேட்பார்கள்.

விலை பேசியபின்: சர்வேயரும் சொலிசிட்டரும்

விற்பவர் உங்கள் விலையை ஏற்றுக்கொண்டாலும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் வரை அது வெறும் வாய்வார்த்தை. நடுவில் யாராவது கூடுதலாகக் கேட்டால் விற்பவர் மாறலாம், நீங்களும் விலகலாம். விலை ஒத்துப்போனதும் விளம்பரத்தை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எஸ்டேட் ஏஜென்ட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் வேலை செய்வது விற்பவருக்கு.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்ப்பவர், அவர் அறிக்கையை நம்பி இருக்க வேண்டாம். பழைய வீட்டுக்கு 'லெவல் 3' என்ற மிக விரிவான கட்டட ஆய்வுதான் வேண்டும். சர்வேயரை அமர்த்தும் முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி: சுண்ணாம்புச் சாந்து வீடுகளை எத்தனை வருடமாகப் பார்க்கிறீர்கள்? ஈரமானியைச் சுவரில் குத்தி எண்ணைப் படித்துவிட்டு 'ரசாயனம் ஏற்றுங்கள்' என்று எழுதுபவர் நமக்கு வேண்டாம். வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் தொலைபேசியில் இலவசமாகத் தொழில்நுட்ப ஆலோசனை தருகிறது. அறிக்கை கைக்கு வந்ததும் அவர்களிடம் ஒரு முறை கேட்கலாம்.

சொலிசிட்டர் எடுக்கும் கவுன்சில் தேடலில் லிஸ்டிங், கன்சர்வேஷன் ஏரியா, ஆர்ட்டிகிள் 4, மரப் பாதுகாப்பு உத்தரவு, நிலுவையில் உள்ள நோட்டீஸ் எல்லாம் வந்துவிடும். வராதது ஒன்றுதான்: அனுமதி கேட்காமலே செய்த வேலை. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் கண். வீட்டில் பார்த்த ஒவ்வொரு மாற்றத்தையும் அறைவாரியாக எழுதிப் படத்தோடு சொலிசிட்டருக்கு அனுப்புங்கள். அவர் ஒருவேளை அந்த வீட்டை நேரில் பார்க்கவே மாட்டார்.

ஏதாவது அகப்பட்டால் பதற்றத்தில் கவுன்சிலை அழைத்து விசாரித்துவிடாதீர்கள். அனுமதி இல்லாத வேலையால் பின்னால் வரும் இழப்பை ஈடுகட்ட 'இன்டெம்னிட்டி' காப்பீடு எடுக்க முடியும். ஆனால் யாராவது கவுன்சிலிடம் அதைப் பற்றிப் பேசிவிட்டால் அந்தக் காப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள். லிஸ்டட் வீட்டுக்கு அந்தக் காப்பீட்டை மட்டும் நம்புவதை நான் விரும்புவதில்லை. அது பணம் கொடுக்கலாம், ஆனால் செய்த வேலையை முறையானதாக ஆக்காது, நீங்கள் விற்கும்போது இதே கேள்வி உங்களிடமே திரும்பி வரும். விற்பவரையே விண்ணப்பித்து, இருக்கும் நிலையில் தக்கவைத்துக்கொள்ள ஒப்புதல் வாங்கித் தரச் சொல்வது நல்லது. என் நண்பர் அதைத்தான் கேட்டார். விற்பவர் முதலில் முறைத்தார், ஏஜென்ட் வேறு ஆள் வரிசையில் இருப்பதாகச் சொன்னார். மூன்று மாதம் இழுத்தது. ஒப்புதல் நிபந்தனையோடு வந்தது, இன்று அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

லீஸ்ஹோல்டு வீடென்றால் குத்தகையில் மீதி எத்தனை வருடம் என்று பாருங்கள். 80க்குக் கீழ் போயிருந்தால் நீட்டிக்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பொதுக் கூரைக்கும் முன்சுவருக்கும் யார் பணம் போடுகிறார்கள், அடுத்த சில வருடத்தில் பெரிய மராமத்து இருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள். லிஸ்டட் மாளிகையின் கூரை ஒரு முறை திறந்தால் அந்தப் பங்கு சின்னத் தொகையாக இருக்காது.

கையெழுத்தும் சாவியும்

ஒப்பந்தம் கைமாறும் நாளில் பொதுவாக 10 சதவீதம் முன்பணம். அதற்குப் பிறகு விலகினால் அது போயிற்று. அன்றிலிருந்தே கட்டடக் காப்பீடு உங்கள் பெயரில் ஓட வேண்டும். காப்பீட்டுத் தொகையைச் சந்தை விலையில் போடாதீர்கள், திரும்பக் கட்டும் செலவில் போடுங்கள். லிஸ்டட் வீடு எரிந்தால் அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே மர வேலை என்று கேட்பார்கள். ஆகவே பழைய கட்டடங்களைக் கையாளும் காப்பீட்டாளரிடமும் விலை கேளுங்கள்.

முதல் வருடம்

முடிந்தால் ஒரு குளிர்காலம் வாழ்ந்து பார்த்துவிட்டு எதையும் மாற்றுங்கள். எந்த அறை குளிர்கிறது, எந்த மூலையில் ஈரம் வருகிறது, வெயில் எங்கே விழுகிறது என்பதை வீடே சொல்லும். ஜன்னலுக்காகப் பதற வேண்டாம். மேலும் கீழும் நகரும் பழைய சாஷ் ஜன்னலைப் பழுதுபார்த்து இடுக்கை அடைத்து, உட்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தினாலே குளிரும் தெரு ஓசையும் பெரிதும் குறைந்துவிடும். லிஸ்டட் வீட்டில் அதற்கும் ஒப்புதல் வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் உத்தரம் செருகுவதாக இருந்தால் 1996ஆம் வருடத்துப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தேநீருக்குக் கூப்பிட்டுப் பேசிவிடுவது இன்னும் நல்லது.

சாவி வாங்கிய அன்றே ஒரு கோப்பும் தொடங்குங்கள். அன்று ஒவ்வொரு அறையையும் நான்கு பக்கமும் படமெடுத்துத் தேதியோடு அதில் வையுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு அனுமதிக் கடிதம், கட்டட விதிச் சான்றிதழ், கொத்தனார் ரசீது, எந்தச் சுவரில் எந்தச் சுண்ணாம்புக் கலவை போட்டார் என்ற குறிப்பு, மரத்துக்காகக் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாம் அதற்குள்ளேயே போகட்டும். என்றாவது நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவரின் சொலிசிட்டர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.